சாயம் பாதுகாப்பானதுதான்... யாருக்கு?

ஒரு செயற்கைச் சாயம் சுற்றாடலுக்குப் பாதுகாப்பானதா என்ற கேள்வி இன்று மிக இயல்பான ஒன்றாகத் தோன்றுகின்றது. ஆயினும் செயற்கைச் சாயம் பிறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எவரும் அக்கேள்வியை உரத்துக் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியபோதும் முதலில் தொழிலாளியை முன்வைத்துக் கேட்டார்கள். பின்னர் ஆடை அணிபவரை முன்வைத்துக் கேட்டார்கள். ஆறும் அதன் நீரை நம்பியிருந்த கமக்காரரும் கணக்கில் வந்தது எல்லாவற்றுக்கும் பிறகுதான். இந்த வரிசை எவ்வாறு அமைந்தது என்பதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈழத்து வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் சாயவேரை அறிந்திருப்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுக்கப்பட்ட அந்த வேர், துணிகளுக்குச் சிவப்பூட்டப் பயன்பட்டது. ஆட்சியாளருக்கு நல்ல வருமானத்தையும் தந்தது. அச்சிவப்பின் உயிர்நாடி அலிசரின் என்னும் பொருளாகும். 1856இல் பதினெட்டு வயதான வில்லியம் பெர்க்கின், மலேரியாவுக்கான குயினைனை லண்டனில் செயற்கையாக ஆக்க முயன்று, தற்செயலாக ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1868இல் கிராபே, லீபர்மான் என்ற ஜேர்மனிய இரசாயனவியலாளர்கள் அலிசரினையே ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினர். தரையைத் தோண்டிப் பெற்ற சிவப்பு, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கலாயிற்று. வேருக்கு இருந்த சந்தை சரிந்தது.

புதிய சாயங்களுக்கான விலையை முதலில் செலுத்தியவர்கள் அவற்றை உற்பத்தி செய்த தொழிலாளர்களே. 1895இல் பிராங்பேர்ட் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் லுட்விக் ரேன், பூக்சின் என்ற சாயத்தைத் தயாரித்த தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் காணப்படுவதை அறிவித்தார். அரோமற்றிக் அமைன்கள் எனப்படும் மூலப்பொருட்களே காரணம் என்பது காலப்போக்கில் உறுதியாயிற்று. ஆயினும் அவற்றுள் மிகக் கொடிய சிலவற்றைத் தடைசெய்யும் ஒழுங்குவிதிகளைப் பிரித்தானியா 1967இல்தான் கொண்டுவந்தது. அபாயம் அறிவிக்கப்பட்டதற்கும் தடை வந்ததற்கும் இடையே 72 ஆண்டுகள்!

அடுத்து அணிபவரின் முறை வந்தது. அசோ வகைச் சாயங்கள் சில, தோலிலும் குடலிலும் வாழும் பக்ரீரியாக்களால் உடைக்கப்பட்டு அதே அமைன்களை வெளிவிடக்கூடியவை. 1994இல் ஜேர்மனி அத்தகைய சாயங்களைத் தடைசெய்தது. ஐரோப்பாவுக்கு ஆடை ஏற்றுமதி செய்த நாடுகள் திகைத்துப்போயின. இந்தியாவும் 1990களில் 112 சாயங்களைத் தடைசெய்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் 22 அமைன்களைப் பட்டியலிட்டு, ஒரு கிலோகிராம் துணியில் 30 மில்லிகிராம் என்ற எல்லையை வகுத்தது. இது நல்ல சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது காத்தது துணியை வாங்குபவரின் தோலை. துணி தோய்க்கப்பட்ட ஊரின் கிணற்றைப் பற்றி அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

சுற்றாடலை அளவிட முறைகளே இருக்கவில்லை என்று கூறிவிட முடியாது. பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு 1981இல் வெளியிட்ட பரிசோதனை வழிகாட்டல்கள் இன்றும் திருத்தங்களுடன் பயன்படுகின்றன. சாயம் கலந்த நீரில் மீன்களை 96 மணித்தியாலங்கள் விட்டு, அவற்றுள் பாதி எந்தச் செறிவில் இறக்கின்றன என்று பார்க்கின்றார்கள். நீர்த்தெள்ளுக்கு 48 மணித்தியாலம். பாசிக்கு 72 மணித்தியாலம். 28 நாட்களில் அப்பொருள் எவ்வளவு சிதைகின்றது என்பதும் அளக்கப்படுகின்றது. பெரும்பாலான சாயங்கள் மீனை உடனடியாகக் கொல்வதில்லை. அதேவேளை இலகுவில் சிதைவதும் இல்லை. வெயிலுக்கும் சவர்க்காரத்துக்கும் அசையாத சாயத்தையே நாம் நல்ல சாயம் என்கின்றோம். அந்தப் பிடிவாதம் ஆற்றிலும் தொடரும் என்பதில் வியப்பில்லை.

இந்தப் பரிசோதனைகளால் காண முடியாத ஒன்றைத் திருப்பூர் காட்டியது.

பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூர், வெள்ளியங்கிரி மலையில் ஊற்றெடுத்துக் காவிரியில் கலக்கும் நொய்யல் ஆற்றின் கரையில் உள்ளது. அங்கு பருத்திக்குப் பெரிதும் பயன்படுவன ரியக்டிவ் சாயங்கள். பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956இல், பெர்க்கினின் கண்டுபிடிப்புக்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின்னர், ‘புரோசியன்’ என்ற பெயரில் இவ்வகையை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவை பருத்தி இழையுடன் இரசாயனப் பிணைப்பை ஏற்படுத்துவதால் எளிதில் கழுவுப்படுவதில்லை. ஆனால் நீரில் பருத்தியும் சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அத்தள்ளலை அடக்க உப்புச் சேர்க்க வேண்டும். சிறிதளவு உப்பன்று; அடர்ந்த நிறமாயின் ஒரு லீற்றருக்கு 60, 80 கிராம் வரை தேவைப்படும். கடல்நீரில் இருப்பதே சுமார் 35 கிராம்தான்! இழையில் பிடிக்காத சாயம் ஒரு பங்கு வெளியேறுகின்றது. உப்போ ஏறத்தாழ முழுவதும் வெளியேறுகின்றது.

அதாவது, சாயத்தை மட்டும் போத்தலில் எடுத்துப் பரிசோதித்தால் அது பெரும்பாலும் தேறிவிடும். அதனுடன் துணையாக வரும் உப்பை அப்பரிசோதனை கணக்கில் எடுப்பதில்லை. 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் அமைந்த சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்புச் சல்பேற்றும் இட்டு நிறத்தை நீக்கின. நிறம் போன நீரில் உப்பு அப்படியே இருந்தது. கண்ணுக்குத் தெளிந்த நீர் பயிருக்கு நஞ்சாயிற்று. சென்னிமலைக்கு அண்மையில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அணை வேண்டும் என்று விவசாயிகள் போராடிய கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கின்றோம். அணையில் நீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க நேர்ந்த கதை இது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் சென்றனர். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு ஆலைகள் மாற வேண்டும் என உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே விலை செலுத்த வேண்டும் என்பதை 2009 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. தவணைகள் கடந்தன, கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28ஆம் திகதி, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பு கேள்விக்குறியானது. விவசாயியின் நீதி தொழிலாளியின் பட்டினியாக வந்து முடிந்த அந்தத் துயரத்தை எந்தத் தரப்பும் வெற்றி என்று கொண்டாட முடியாது.

பின்னர் கழிவுநீரைச் சவ்வுகளால் வடித்து, மிஞ்சிய உவர்நீரைக் கொதிக்கவைத்து, நீரையும் உப்பையும் மீளப் பயன்படுத்தும் முறை அங்கு நிலைபெற்றது. இதற்குப் பெருமளவு எரிபொருள் தேவை. மீளப் பயன்படாத கலப்பு உப்பும் சேறும் எஞ்சுகின்றன. எனினும், இது செய்யவே முடியாத காரியம் என்ற வாதம் பொய்த்துப்போனது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இலங்கையின் ஆடைத் தொழில் நீண்டகாலமாக வெளிநாட்டுத் துணியை இறக்கித் தைப்பதிலேயே தங்கியிருந்தது. வெள்ளவத்தைக் கடைகளில் தொங்கும் வண்ணங்களுக்கு வேறு யாருடைய ஆறோ விலை கொடுத்தது. இப்போது நிலைமை மாறுகின்றது. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஏறாவூர், புன்னைக்குடாவில் துணி பதனிடும் வலயம் ஒன்றை அமைக்கும் திட்டம் 2020களின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. வேலையின்மை வாட்டும் கிழக்குக்குத் தொழில் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அக்கரையோரம் மணற்பாங்கானது. மக்கள் நம்பியிருப்பது ஆழமற்ற கிணறுகளை. அத்தகைய மண்ணில் இறங்கும் உப்பை மேலிருந்து எவரும் அள்ளி எடுக்க முடியாது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் நம்மிடம் உண்டு. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திர முறையும் உண்டு. புடைவைத் தொழிற்சாலைக் கழிவுநீருக்கான எல்லைகள் 2008இல் வர்த்தமானியிலும் வந்துள்ளன. எனவே சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பயன்படுத்தப்போகும் சாயம் சர்வதேசச் சான்றிதழ் பெற்றது என்று நாளை யாராவது பத்திரிகையாளர் மாநாட்டில் அறிவிக்கக்கூடும். அப்போது அங்கிருக்கும் இளைய செய்தியாளர் ஒருவர் எழுந்து, நாளொன்றுக்கு எத்தனை தொன் உப்பு உள்ளே வருகின்றது, அது எந்த வழியாக வெளியே போகின்றது என்று கேட்க வேண்டும். எண்களில் பதில் கிடைக்கும்வரை அவர் உட்காரக் கூடாது.