கார்மோன்தெல் வரைந்த முகங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிஸ் மாநகரில் ஒருவர் தம் உருவத்தைச் சித்திரமாக எழுதுவித்தல் பெருஞ் செலவுள்ள காரியமாயிருந்தது. எண்ணெய் வர்ணத்தில் எழுதும் ஓவியர்முன் பன்முறை அசையாது வீற்றிருத்தல் வேண்டும், கூலியும் பெரிது. ஆகவே செல்வர் முகங்களே பெரும்பாலும் பின்வந்தோர் காண எஞ்சின. ஏவலாளர் முகத்தை எழுதுவார் அரியர்.

இந்நிலையில் ஓவியத்தை ஓய்வுநேரத் தொழிலாகக் கொண்ட ஒருவர் தோன்றினார். அவர் 1717 இல் சப்பாத்துத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்த லூயி கரோஜி. கார்மோன்தெல் என்பது அவர் தாமே சூடிக்கொண்ட பெயர். ஓர்லியன்ஸ் கோமகனின் மாளிகையிலே இளங்கோமகனுக்கு நூல் வாசித்துக் காட்டுவது அவர் உத்தியோகம். சிறு நாடகங்கள் எழுதினார். பாரிசின் மொன்சோப் பூங்காவை வகுத்தவரும் அவரே. இவற்றுக்கிடையே, மாளிகைக்கு வந்தோரையும் மாளிகையில் வாழ்ந்தோரையும் வரைந்துகொண்டேயிருந்தார்.

இக்காலத்து வர்ணப் பென்சில் அவர் கைக்கு எட்டியதன்று. காரீயத்தூளையும் களிமண்ணையும் கலந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறையைக் கொன்தே என்பார் கண்டது 1795 இல். ஜெர்மனியின் பேபர்-காஸ்டெல் நிறுவனத்தாரின் பெயர்பெற்ற ஓவிய வர்ணப் பென்சில்கள் வெளிவந்தது 1908 இல். கார்மோன்தெல்லிடம் இருந்தவை நிலத்தில் எடுத்த கருங்கட்டியும் செங்காவிக் கட்டியுமே. அவற்றாற் கோடிட்டு, மெல்லிய நீர்வர்ணம் பூசுவார். ஏறத்தாழ எல்லோரையும் பக்கவாட்டிலேயே வரைந்தார். நெற்றி, மூக்கு, மோவாய் ஆகியன ஒரே கோட்டில் அடங்கிவிடுவதால், பொழுதுபோக்காக வரைவோருக்கு இதனினும் எளிய வழி இல்லை. ஒரு சித்திரத்துக்கு இரண்டு மணிநேரம் போதுமென அக்காலத்து எழுத்தாளர் கிரிம் குறித்துள்ளார். கைவண்ணத்தில் அக்காலத்துப் பேரோவியரோடு அவரை ஒப்பிடுதல் தகாது. உருவங்கள் சற்று விறைத்தே நிற்கின்றன. எனினும் ஒருவர் நிற்கும் நிலை, உடுக்கும் பாங்கு, அமரும் விதம் ஆகியவற்றை அவர் கண் தப்பவிட்டதில்லை.

1763 இல் ஏழு வயதுப் பாலகன் மோசார்ட் தந்தையோடும் தமக்கையோடும் பாரிசுக்கு வந்தபோது, மூவரையும் வாத்தியமும் இசையேடுமாக ஒரே தாளில் வரைந்தார். அது மறு ஆண்டிலே செப்புத் தகட்டிற் செதுக்கப்பெற்று அச்சாகிப் பரவிற்று. ஆனால் அவருடைய ஏடுகளிற் புகழ்பெற்றோர் மாத்திரம் இல்லை. கோமகனின் ஏவலாளனான நார்சிஸ் என்ற கறுப்பினத்தவனும் அங்கே முழு உருவத்தோடு காட்சி தருகின்றான்.

அச்சித்திரங்களை அவர் விற்றாரல்லர். எழுநூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தம்மிடமே வைத்திருந்தார். 1789 இற் புரட்சி மூண்டது. அவர் நூல் வாசித்துக் காட்டிய இளங்கோமகன், பின்னர் ஓர்லியன்ஸ் கோமகனாகிப் புரட்சியாளரோடு சேர்ந்து, தம் உறவினரான மன்னரின் மரணத்துக்கே வாக்களித்தார்; அதே 1793 இல் அவர் தலையும் துண்டிக்கப்பட்டது. மாளிகைக் கூட்டம் சிதறிற்று, சித்திரங்கள் சிதறவில்லை. 1806 இற் கார்மோன்தெல் மறைந்தபின் அவை ஏலத்துக்கு வந்து பல கை மாறின. நானூற்றுக்கு மேற்பட்டவற்றை ஓமால் கோமகன் வாங்கினார். அவர் கொலையுண்ட அக்கோமகனின் பேரன். இன்று அவை பாரிசுக்கு வடக்கே சாந்திலி மாளிகையில் உள்ளன. பாட்டனாரும் ஏவலாளரும் அங்கே ஒரே தொகுப்பில் இருக்கின்றனர்.