பிட்டும் தேங்காய்ப்பூவும்

மட்டக்களப்புக்கு உல்லாசப் பயணம் செல்லும் நண்பர்கள், நல்ல உணவு எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்பதுண்டு. விடுதியை விட்டு வாவிக்கரை ஊர்களுக்குச் செல்லுங்கள் என்பேன். அங்கே உணவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நெல்லும் எருமைத் தயிரும் படுவான்கரையின் செல்வங்கள். மீனும் தேங்காயும் எழுவான்கரையின் கொடை. 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் இக்கரையில்தான் வந்திறங்கினார். 1638இல் போர்த்துக்கேயரின் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஆட்சிகள் மாறினாலும் இரு கரைகளும் ஒன்றையொன்று நம்பியே உண்டன.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இம்மண்ணில், அவர்தம் உறவுக்கு மக்கள் சொல்லும் உவமை, 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்பதாகும். குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி அடுக்கப்பட்டு ஒன்றாக அவிகின்றன அல்லவா?

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டம்பர் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். அந்த உவமையைச் சொல்லவே நாக்கூசிய காலம் அது.

ஆகவே என் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். காத்தான்குடியில் ஒரு வேளையும், அதனை அடுத்துள்ள ஆரையம்பதியில் ஒரு வேளையும் உண்ணுங்கள். இரண்டு ஊரிலும் பிட்டு ஒன்றுதான். அரசியல்வாதிகளின் மேடைப் பேச்சைவிட, அந்த உவமைக்கு உயிர்கொடுப்பது அண்டை வீட்டாரிடம் பிட்டு வாங்கி உண்ணும் பழக்கமே என்பது என் எண்ணம்.