அரீபின் ஆயிரம் பாடல்கள்

அரபு இலக்கியக் கடலில் மூழ்குவோர் எவரும் ‘கிதாபுல் அகானீ’யைத் தொடாமல் கரையேறுவதில்லை. ‘பாடல்களின் நூல்’ என்பது அப்பெயரின் பொருள். ஹிஜ்ரி 284இல் (கி.பி. 897) பிறந்து பக்தாதில் வாழ்ந்த அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ, ஐம்பதாண்டுக் காலம் உழைத்துத் தொகுத்த நூல் இது என்பர். கெய்ரோவின் பூலாக் அச்சகத்தார் 1868இல் அச்சேற்றியபோது இருபது பாகங்களாக விரிந்தது. ஜாஹிலிய்யாக் காலக் கவிஞர் முதல் அப்பாஸியர் அவைப் புலவர் வரை யாரைப் பற்றி அறிய விரும்பினாலும் அறிஞர்கள் நாடுவது இந்நூலையே.

எனினும் கவிதை தேடி வருவோர் பெரும்பாலும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இது கவிதைக்காக எழுந்த நூலன்று, இசைக்காக எழுந்தது. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகப் பாடகர்கள் தேர்ந்தளித்த நூறு பாடல்களை அடித்தளமாகக் கொண்டு எழும்பிய மாளிகை இது. கவிதை வரிகளுக்குப் பின்னே, இதற்கு மெட்டமைத்தவர் இன்னார், தாளம் இன்னது, ‘ஊத்’ எனும் நரம்புக் கருவியில் விரல் செல்லும் வழி இன்னது என்று ஒரு குறிப்பு வரும். நம் கீர்த்தனை நூல்களில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்குமே, அதைப் போன்றது. கவிதைக்கு உரை காண விழைவோர் இவ்வரிகளைக் கடந்து சென்றுவிடுவர். கடந்து செல்லாமல் அவற்றின்மீது கண்ணை நிறுத்திப் படித்தபோது நமக்கு அறிமுகமானவரே அரீப் என்னும் பெண்மணி. மெட்டமைத்தவர் என்னும் இடத்தில் மீண்டும் மீண்டும் அப்பெயர் வந்தது. யார் இவர் என்று தேடப் புகுந்தோம்.

பிறப்பும் விற்பனையும்

ஹிஜ்ரி 181இல் (கி.பி. 797) அரீப் பிறந்தார். ஹாரூன் ரஷீதின் வலக்கரமாக விளங்கிய ஜஅஃபர் இப்னு யஹ்யா அல்பர்மகீயே இவருடைய தந்தை என்று ஒரு செய்தி உண்டு. பர்மகீ இல்லத்தில் பணி புரிந்த ஃபாத்திமா என்பவரை ஜஅஃபர் தம் தந்தைக்குத் தெரியாமல் மணந்தார். குழந்தை பிறந்த பின் தாய் மறைந்தார். குழந்தையை ஒரு கிறிஸ்தவப் பெண்ணிடம் வளர்க்கக் கொடுத்தார் என்பது அச்செய்தி. ஹிஜ்ரி 187இல் (கி.பி. 803) ஜஅஃபர் கொல்லப்பட்டுப் பர்மகீகளின் செல்வாக்கு ஒரே இரவில் சரிந்தது. வளர்த்தவளே சிறுமியை அடிமை வணிகன் ஒருவனுக்கு விற்றாளாம்.

இச்செய்தியின் உறுதியைப் பற்றிக் கேட்டால், ஃபள்லு இப்னு மர்வான் என்னும் அமைச்சரின் கூற்றை அகானீ முன் வைக்கிறது. அரீபின் பாதங்களை நோக்கும்போதெல்லாம் ஜஅஃபரின் பாதங்கள் தம் நினைவுக்கு வரும் என்று அவர் சொன்னாராம். அரீபின் கடித நடை எத்துணைச் சொல்வளம் மிக்கது என்று ஒருவர் வியந்தபோது, ஜஅஃபரின் மகளுக்கு அது அமையாமல் போகுமோ என்று விடை வந்ததாம். ஹதீஸ் கலை பயின்றோர் இவற்றை உறுதியான சான்றாகக் கொள்ளமாட்டார்கள். ஆயினும் அக்கால மக்கள் இவரை எந்தத் தட்டில் வைத்துப் பார்த்தனர் என்பதை இச்செய்திகள் காட்டுகின்றன.

விலைக்கு வாங்கியவர் மராகிபீ எனப்பட்டவர். அவர் சிறுமியைப் பஸராவுக்குக் கொண்டு சென்று எழுத்து, இலக்கணம், கவிதை, இசை அனைத்தையும் கற்பித்தார். இக்கல்வியின் நோக்கம் அறமன்று, வாணிபம். ‘கியான்’ எனப்பட்ட பாடும் அடிமைப் பெண்களைப் பயிற்றி விற்பது அந்நாளில் பெருந்தொழில். அவர்களைப் பற்றித் தனி நூலே எழுதிய அறிஞர் ஜாஹிழ், தேர்ந்த பாடகி ஒருத்தி 4,000 பாடல்களுக்குக் குறையாமல் மனத்தில் வைத்திருப்பாள் என்று கணக்குச் சொல்கிறார். அடிமையின் தளையை அவிழ்ப்பதை மலைப்பாதை ஏறுவதற்கு ஒப்பான அறமாக மாமறை போற்றியிருக்க, முஸ்லிம்களின் தலைநகரிலேயே மனிதக் குரலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அடங்காத உள்ளம்

விலைப்பொருளாக வளர்க்கப்பட்ட இவர் ஒருபோதும் விலைப்பொருளாக நடந்துகொள்ளவில்லை. தம் ஆடைகளைச் சுருட்டிப் படுக்கையில் கிடத்திப் போர்வையால் மூடினார். நரம்பாலோ தடித்த நூலாலோ ஆன ஏணியைக் கொண்டு இரவில் மதிலேறிக் குதித்துத் தாம் விரும்பியவரிடம் சென்றுவிட்டார். பக்தாதின் புலவர்கள் இதைப் பாடிச் சிரித்தனர்.

கலீஃபா மஅமூனுடைய உடைமையானபோதும் இவ்வுள்ளம் அடங்கவில்லை. முஹம்மத் இப்னு ஹாமித் என்பவர்மீது அரீப் அன்பு வைத்திருந்ததை அறிந்த மஅமூன், கம்பளி அங்கி உடுத்தி இருட்டறையில் ஒரு மாதம் அடைத்துவைத்தார். ரொட்டியும் உப்பும் தண்ணீரும் கதவின் அடியால் உள்ளே தள்ளப்பட்டன. பின்னர் மனமிரங்கிக் கதவைத் திறக்கச் செய்தார். வெளியே வந்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த அன்பைப் பற்றிய பாட்டொன்றை எடுத்துப் பாடத் தொடங்கினார்! இவளைத் திருத்த முடியாது என்று வியந்த கலீஃபா, அவரை அந்த மனிதருக்கே மணமுடித்து வைத்தார் என்று அகானீ கூறுகிறது.

விசித்திரங்கள் இன்னும் உண்டு. வாரந்தோறும் 60 மிஸ்கால் கஸ்தூரியும் அம்பரும் கலந்து தலையில் பூசிக்கொள்வாராம். கழுவிய நீரைப் பணிப்பெண்கள் குப்பிகளில் பங்கிட்டுக்கொள்வார்களாம். கலீஃபா வாஸிக் தாமே இசை வல்லவர். அவர் ஒரு கவிதைக்கு மெட்டமைத்தால், அரீப் அதே கவிதையை எடுத்து வேறொரு மெட்டமைப்பார். அது கலீஃபாவின் மெட்டைவிடச் சிறந்திருக்கும். அரசருக்குத் தோற்றுக்கொடுப்பது அவைக்கலைஞரின் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை இவர் வேண்டவில்லை.

சாமர்ரா நகரில் ஷாரியா என்னும் மற்றொரு பெரும் பாடகி இருந்தார். இளவரசர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தீயிடம் வளர்ந்தவர். நகரத்துச் சுவைஞர்கள் அரீப் அணி, ஷாரியா அணி என்று பிரிந்து, ஓரணியார் மற்றோரணியார் அவைக்குச் செல்லாமல் இருந்தனராம்.

காளியாரின் சாட்சியம்

கதைகள் சுவையானவை. ஆனால் கதையின் நிழலில் கலை மறைந்துபோவதுண்டு. பெண் கலைஞர் வரலாற்றில் இது பெருந்தீங்கு. அவள் யாரை விரும்பினாள் என்பதை உலகம் நினைவில் வைக்கும், எதைப் படைத்தாள் என்பதை மறந்துவிடும். ஆகவே கலையறிந்தோர் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பது நம் கடமை.

அக்கால இசையின் தலைமை ஆசான் இஸ்ஹாக் அல்மவ்ஸிலீ. ஊத் மீட்டுவதிலும், மெட்டமைப்பிலும், இனிய பேச்சிலும், உடனுக்குடன் விடை சொல்வதிலும், சதுரங்கத்திலும் அரீபுக்கு நிகரான ஒரு பெண்ணைத் தாம் கண்டதில்லை என்று அவர் கூறினார். அவருடைய மகன் ஹம்மாத் இதனைத் தலைமைக் காளி யஹ்யா இப்னு அக்ஸமிடம் எடுத்துரைத்தார். உண்மைதான் என்று காளியார் ஒப்புக்கொண்டார். நீங்கள் அவர் பாடக் கேட்டிருக்கிறீர்களா என்று ஹம்மாத் வினவ, மஅமூனின் அவையில் கேட்டதுண்டு என்றார். அவர் இசைத்திறம் அத்துணை உயர்ந்ததுதானா என்று மீண்டும் கேட்டபோது, அக்கலையில் என்னைவிட அறிந்தவர் உம் தந்தையே, அவரையே கேளும் என்று காளியார் சொல்லிவிட்டார். தமக்குத் தெரிந்ததை மட்டும் சாட்சியம் கூறி, துறை வல்லாருக்குரியதை அவரிடமே விட்ட இந்தப் பண்பு நம்மை மிகவும் கவர்ந்தது.

இசை குறித்து உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு என்றும் உண்டு. அரீபின் காலத்திலேயே பக்தாதில் வாழ்ந்த இப்னு அபித் துன்யா (மறைவு ஹி. 281) இசைக் கருவிகளைக் கண்டித்துத் தனி நூல் இயற்றினார். கலீஃபா முஹ்ததீ பாடகியரைச் சாமர்ராவிலிருந்தே வெளியேற்றினார். பின்வந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில் ‘ஸமாஃ’ பற்றி ஒரு தனிப் பகுதியே வரைந்து, ஆகுவதையும் ஆகாததையும் பிரித்துக் காட்டினார். அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எந்த முடிவைக் கொண்டாலும், நடந்த வரலாற்றை உள்ளபடி அறிவது யாவர்க்கும் உரியதே.

ஏட்டில் காத்த செல்வம்

மஅமூன் மறைந்தபின் முஃதஸிம் 100,000 திர்ஹம் கொடுத்து அரீபைப் பெற்று விடுதலை செய்தார். ஏறத்தாழ முப்பத்தாறு வயதில் அவர் தமக்குத் தாமே உரியவரானார். ஆனால் அதற்கு முன்னரும் ஒன்று அவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதுதான் அவர் படைத்த இசை.

பிற்காலத்தில் கலீஃபா முஃதமித், அரீபின் மெட்டுகளையெல்லாம் திரட்டும்படி அலீ இப்னு யஹ்யா அல்முனஜ்ஜிம் என்பவரைப் பணித்தார். அலீ எவரையும் தேடி அலைய நேரவில்லை. அரீபே தம் பாடல்களைக் குறிப்பேடுகளிலும் தாள்களிலும் எழுதித் தொகுத்து வைத்திருந்தார். அவற்றை வாங்கிப் படியெடுத்தபோது ஆயிரம் பாடல்கள் இருந்தன. மதிலேறிக் குதித்த பெண், தம் படைப்பை ஒவ்வொன்றாக ஏட்டில் பதிந்து காத்திருக்கிறார்! அந்த விசித்திரக் கதைகளுக்கு நடுவே இத்தனை ஒழுங்கான உழைப்பு ஒன்று நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

எண்ணிக்கையில் ஆயிரம், உள்ளடக்கத்தில் ஒன்றே என்று இகழ்ந்தவரும் உண்டு. அபுல் ஃபரஜ் அந்த இகழ்ச்சியை மறைக்காமல் பதிவு செய்துவிட்டு அதற்கு மறுப்பும் கூறுகிறார். மிகுதியாகப் படைப்போரிடம் சிறந்ததும் நலிந்ததும் கலந்தே இருக்கும். முன்னோரின் தரத்தை எட்டிய படைப்புகள் அரீபிடம் உண்டு என்பது அவர் வாதம். ஆணுக்குப் பயன்படுத்தும் அளவுகோலையே பெண்ணுக்கும் பயன்படுத்திய நேர்மையான திறனாய்வு இது.

ஓசை எங்கே?

அந்த ஆயிரத்தில் ஒன்றையேனும் இன்று கேட்க முடியுமா? முடியாது. அகானீயின் குறிப்பு, தாளத்தின் பெயரைச் சொல்லும்: தகீல் அவ்வல், ரமல், ஹஸஜ் என்பன போல. ஊதின் நான்கு நரம்புகளில் நடுவிரல் வழியா, மோதிரவிரல் வழியா என்று காட்டும். அவ்வளவே. ஒன்றன்பின் ஒன்றாக எந்த ஒலி வர வேண்டும் என்று அது எழுதிவைக்கவில்லை. ஒலிகளை எழுத்தால் குறிக்கும் முயற்சியை அரீபின் காலத்தவரான தத்துவ அறிஞர் கிந்தீ தொடங்கியிருந்தார். எழுத்தும் எண்ணும் கொண்டு மெட்டுகளைக் குறித்துக் காட்டிய ஸஃபிய்யுத்தீன் அல்உர்மவீ மறைந்தது கி.பி. 1294இல். நான்கு நூற்றாண்டு இடைவெளியில் அந்தக் குரல் கரைந்துபோயிற்று.

எழுத வேண்டிய தேவையை அன்றையோர் உணரவில்லை; ஏனெனில் பாடல் வாயிலிருந்து வாய்க்குச் சென்றது. ஹதீஸ் அறிவிப்பாளர் ஆசானிடம் ‘பெற்றார்’ என்று நாம் சொல்வது போலவே, பாடகர் இன்னாரிடமிருந்து பாடலைப் ‘பெற்றார்’ என்றே அகானீயும் கூறுகிறது. அரீபின் சங்கிலியில் அடுத்த கண்ணி பித்ஆ, துஹ்ஃபா முதலிய மாணவியர். அவர்கள் அரீபின் அடிமைகளாகவும் இருந்தனர் என்பது காலத்தின் கொடுமை. பித்ஆவுக்கு 100,000 தீனார் விலை தருவதாக ஒருவர் ஆளனுப்பினார். தூது வந்தவர், பாடல்களைத் தொகுத்த அதே அலீ இப்னு யஹ்யாதான். அரீப் பித்ஆவை அழைத்து, உனக்கு விருப்பமா என்று கேட்டார். இல்லை என்றாள் அப்பெண். உடனே பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த இடத்திலேயே அவளுக்கு விடுதலை அளித்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் ஜவ்ஸீ வரைகிறார். பலமுறை கைமாற்றப்பட்ட ஒருவர், தாம் விற்பவராக நின்ற வேளையில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

ஹிஜ்ரி 277இல் (கி.பி. 890), சந்திர ஆண்டுக் கணக்கில் 96 வயதில், சாமர்ராவில் அரீப் மறைந்தார். பித்ஆ ஹிஜ்ரி 302இல் மறைந்தபோது அபுல் ஃபரஜ் பதினெட்டு வயது இளைஞர். அந்தப் பாடல்களைக் கேட்டவர்கள் உயிரோடு இருந்த காலத்திலேயே அவர் எழுதத் தொடங்கியமையால்தான் இத்தனை செய்திகளும் நமக்கு எஞ்சின. நம் இல்லங்களிலும் தாலாட்டும், ஒப்பாரியும், திருமண வாழ்த்தும் பாடிய மூதாட்டியர் இருந்தனர். இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் பாட்டை, பாடும் முறையோடு சேர்த்துப் பதிந்துவைக்கும் வசதி அபுல் ஃபரஜுக்கு இல்லை, நமக்கு உண்டு. இல்லந்தோறும் பிள்ளைகள் பாட்டியார் அருகில் அமர்ந்து கேட்கட்டும். பாடியவர் பெயரையும் மறவாமல் எழுதி வைக்கட்டும்.