மாவுக்கு அறுவடைக்குப் பின் உரமிடல்

மாமரத்தில் கடைசிப் பழம் இறங்கியதும் அடுத்த ஆண்டுக் காய்ப்புக்கான வேலை தொடங்கிவிடுகிறது. பறிப்பு ஓய்ந்த மரத்தைக் கவாத்து செய்து, தொழுவுரமும் ரசாயன உரமும் இட்டு, காலத்தோடு புதுத் தளிர் விடவைப்பதே இந்தப் பராமரிப்பின் சாரம். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திண்டுக்கல், தேனி மாவட்டத் தோப்புகளில் பறிப்பு ஏப்ரல், மே மாதங்களில் சூடுபிடித்து, பின்பருவ ரகமான நீலத்தோடு ஜூலைவாக்கில் அடங்கும். லாரிகள் போன பிறகு தோப்புப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மரத்துக்கு ஆள் தேவைப்படுவதோ அப்போதுதான்.

மாவின் பூங்கொத்து கிளையின் நுனி மொட்டிலிருந்து புறப்படுகிறது. ஆனால் எல்லா நுனியும் பூத்துவிடாது. அறுவடைக்குப் பின் விட்ட தளிர் முற்றி, இலை கரும்பச்சையாகி, சில மாத வயதை எட்டியிருந்தால்தான் டிசம்பர், ஜனவரிக் குளிரில் அது பூவுக்குத் திரும்பும். தளிர் பிந்தினால் பூவுக்குப் பதில் இன்னொரு கொழுந்துதான் வரும். இன்னொரு தடையும் உண்டு. அமோகமாகக் காய்த்த மரம் தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தைப் பழங்களுக்கே செலவழித்துவிடுகிறது; வளரும் விதைகளில் உண்டாகும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியும் பூமொட்டு உருவாவதை அடக்குகிறது. ஓர் ஆண்டு குலுங்கக் காய்த்து மறு ஆண்டு வெறுங்கிளையாக நிற்கும் வழக்கம் இப்படித்தான் வருகிறது.

அல்போன்சாவுக்கு இந்தக் குணம் உண்டு. நீலமும், கிளிமூக்கு என்று வழங்கும் பெங்களூராவும் ஏறக்குறைய ஆண்டுதோறும் காய்ப்பவை. நீலத்தைத் தாயாகவோ தந்தையாகவோ கொண்டு பிறந்த மல்லிகா, அம்ரபாலி, பெரியகுளம் 1 ஆகிய கலப்பின ரகங்களும் அப்படியே. பிறவிக் குணத்தை உரத்தால் மாற்ற முடியாது என்பதை உரக்கடைக்காரர்கள் சொல்வதில்லை. காய்ப்பு குறையும் ஆண்டின் இழப்பைத் தணிக்கலாம், அவ்வளவே.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, ஆறு வயதைத் தாண்டிய மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், தலா 1 கிலோ தழைச்சத்து, மணிச்சத்து, 1.5 கிலோ சாம்பல் சத்து தேவை. மூட்டைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 2.2 கிலோ யூரியா, 6.25 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2.5 கிலோ பொட்டாஷ். முதல் ஆண்டுக் கன்றுக்கு 10 கிலோ தொழுவுரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிவர வேண்டும். பல்கலைக்கழகம் சொல்லும் காலம் செப்டம்பர், அக்டோபர். பறிப்பு முடிந்த ஜூன், ஜூலையில் பாதியும் அக்டோபரில் மீதியுமாகப் பிரித்து இடும் முறையும் பரவலாக உள்ளது. எப்படியானாலும் மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் போட்ட உரத்தை வேர்களால் எடுத்துக்கொள்ள முடியாது.

அளவைவிட இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். தூரை ஒட்டி உரத்தைக் குவிப்பது கண்ணுக்கு நிறைவாக இருக்கலாம், ஆனால் சத்தை உறிஞ்சும் நுண்வேர்கள் அங்கே குறைவு. தண்டிலிருந்து 45 முதல் 90 சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கி, கிளைகளின் வெளிவிளிம்பு வரை பரவலாகத் தூவி மண்ணோடு கலக்க வேண்டும். கவாத்தைப் பொறுத்தவரை, ஆகஸ்ட், செப்டம்பரில், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, உட்பக்கத்து மெல்லிய கிளைகளைக் கழித்தால் மரத்துக்குள் வெயில் இறங்கும்.

தழைச்சத்தை மட்டும் காலம் தப்பி இடக்கூடாது. பூக்க வேண்டிய நேரத்தில் யூரியாவும் பாசனமும் தாராளமாகக் கிடைத்தால் மரம் செழித்துத் தளிர்க்கும், பூ வராது. பூப்புக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் தண்ணீரை நிறுத்தி வைப்பது இதனால்தான். பிப்ரவரி வரை பூக்காத மரத்துக்கு 2 சதவீத யூரியா அல்லது 1 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் கரைசலை இலைவழி தெளிக்கச் சொல்கிறார்கள். அப்போது கிளைகள் முற்றியிருக்கும். தெளிப்பு அவற்றை விழிக்கச் செய்யும் தூண்டுதலாகிறது.

கல்டார் என்ற பெயரில் விவசாயிகள் அறிந்த பேக்லோபியூட்ரசால் இந்தக் கதையில் தவிர்க்க முடியாதது. ஜிப்ரலின் உற்பத்தியைத் தடுத்துப் பூப்பைத் தூண்டும் இம்மருந்து, காய்ப்பு குறையும் ஆண்டுகளுக்காக, செப்டம்பர் முதல் பாதியில் மரத்துக்கு 10 கிராம் மூலப்பொருள் என்ற அளவில் மண்ணில் ஊற்றப்படுகிறது. கொங்கணத்து அல்போன்சா தோப்புகளிலும் இது பழக்கம். மருந்து பூவைத் தருமே தவிர உணவைத் தராது. உரமில்லாமல் ஆண்டுதோறும் ஊற்றினால் மரம் இருக்கும் சேமிப்பையும் செலவழித்து மெலிகிறது. ஓரிரு ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்த மெலிவு பெரிய கவலை இல்லை. தோப்பு உரிமையாளரோ குத்தகைப் பணம் வந்ததும் உரச் செலவைக் குத்தகைக்கு எடுத்தவரின் பொறுப்பென்று விட்டுவிடுகிறார். பறிப்பு முடிந்த பின் யார் உரமிடுவது, மருந்து ஊற்றலாமா என்பதைக் குத்தகை பேசும்போதே எழுதிக்கொள்வது நல்லது.

இந்த மாதக் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மற்ற இடங்களில் மா ஓய்ந்திருக்கும் பருவத்திலும் நீலம் காய்க்கிறது. அங்கே மாதத்தைப் பார்க்காமல், பறிப்பு முடிந்த நாளிலிருந்து எண்ணித்தான் உரமிட வேண்டும்.