டோ பிளேக்: சினத்தை அறிந்த பயிற்சியாளர்

1955ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் இரவு, கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள ஃபோரம் அரங்கில் ஒரு பனிஹாக்கி ஆட்டம் முதற்பகுதியோடு நின்று போயிற்று. பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த தேசிய ஹாக்கி லீகின் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் மீது தக்காளியும் முட்டையும் வந்து விழுந்தன. பிறகு கண்ணீர்ப்புகைக் குண்டொன்று வெடித்தது. அரங்கைவிட்டு வெளியேறிய கூட்டம் புனித கேதரின் தெருவின் கடைக் கண்ணாடிகளை நொறுக்கியது. நான்கு நாட்களுக்கு முன் பாஸ்டனில் ஆட்ட நடுவர்களுள் ஒருவரைத் தாக்கிய குற்றத்திற்காக மொரீஸ் ரிஷாரை அப்பருவம் முடியும்வரை கேம்பல் விலக்கி வைத்திருந்ததே காரணம். அந்நகரில் பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசுவோர்; வணிகமும் அதிகாரமும் பெரிதும் ஆங்கிலம் பேசுவோர் கையில் இருந்தன. பிரெஞ்சு மக்களின் நாயகனை ஓர் ஆங்கிலத் தலைவர் தண்டித்தார் என்றே அத்தெருக்கள் அதனைப் புரிந்துகொண்டன.

இக்கலவரத்தைப் பற்றி எழுதியவர் பலர். நாம் இங்கே பேச விரும்புவது அதற்குப் பின் வந்த ஒரு மனிதரைப் பற்றி. மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் மேலாளர் ஃபிராங்க் செல்கி, ரிஷாரின் சினத்தைத் தணிக்க வேண்டிய பயிற்சியாளர் டிக் இர்வினே அதைத் தூண்டிவிடுகிறார் என்று கருதினார். இர்வின் சிகாகோ அணிக்குச் சென்றார். அவரிடத்துக்கு வந்தவர் ஹெக்டர் பிளேக். தங்கையின் மழலை வாயில் ஹெக்டர் என்ற பெயர் சிதைந்து 'டோ' என்றாகி, அதுவே நிலைத்துவிட்டது.

பிளேக் 1912இல் ஒன்டாரியோ மாகாணத்தின் விக்டோரியா மைன்ஸ் என்னும் சுரங்க ஊரில் பிறந்தவர். சட்பரி நகரையடுத்த நிக்கல் சுரங்கப் பகுதியில் வளர்ந்தவர். தாய் பிரெஞ்சு மரபினர். ஆகவே இரு மொழிகளும் அவருக்கு வீட்டு மொழிகளாயின. ஒரே உடைமாற்றறையில் இரு மொழியினரும் அமர்ந்திருந்த அணிக்கு இது எத்தனை பெரிய பேறு என்பதை அந்த மார்ச் இரவை நினைப்பவர் உணர்வர்.

ஆட்டக்காரராகவும் அவர் சிறியவர் அல்லர். 1938-39 பருவத்தில் லீகிலேயே மிகுதியான புள்ளிகளைச் சேர்த்து, மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதையும் பெற்றார். எதிரணியின் வலைக்குப் பின்னுள்ள சிவப்பு விளக்கை அடிக்கடி எரியச் செய்ததால் அவரை 'விளக்கேற்றுபவர்' என்று அழைத்தனர். 1940களில் எல்மர் லாக், ரிஷார் ஆகிய இருவரோடும் சேர்ந்து இடப்பக்கத்தில் ஆடினார். 1944-45 பருவத்தில் லீகின் புள்ளிப்பட்டியலில் முதல் மூன்று இடங்களும் இம்மூவருக்கே கிட்டின. ரிஷார் ஐம்பது ஆட்டங்களில் ஐம்பது கோல் அடித்த பருவமும் அதுவே. ரிஷாரின் சினம் எங்கே பிறக்கிறது, எப்போது கோலாக மாறுகிறது, எப்போது கைகலப்பாகிறது என்பதை அருகில் சறுக்கியபடியே கண்டவர் பிளேக்.

1948 ஜனவரியில் கால் முறிந்து அவரது ஆட்ட வாழ்வு முடிந்தது. அணித்தலைவராக இருந்தவர், ஹூஸ்டன், பஃபலோ, வாலிஃபீல்ட் என்று இரண்டாம்நிலை அணிகளில் பயிற்றுவித்து ஏழாண்டுகள் காத்திருந்தார்.

திரும்பி வந்த முதல் பருவத்திலேயே ஸ்டான்லி கோப்பை கிடைத்தது. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றார்கள். இதற்குமுன்னும் பின்னும் எந்த அணியும் ஐந்து கோப்பைகளைத் தொடர்ந்து வென்றதில்லை. 'அத்தகைய வீரர்கள் இருந்தால் யார்தான் வெல்லமாட்டார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ரிஷார், டக் ஹார்வி, ழான் பெலிவோ முதலியோர் இருந்தும் 1954, 1955 ஆகிய ஈராண்டுகளின் இறுதிப் போட்டிகளில் இதே அணி டெட்ராய்டிடம் தோற்றது என்பதை மறக்கலாகாது. குறைந்திருந்தது திறமை அன்று.

1955 நவம்பரில் பாஸ்டன் அணிக்கு எதிராக, எதிரணியில் ஆள் குறைந்திருந்த வேளையில், பெலிவோ 44 விநாடிகளில் மூன்று கோல்கள் அடித்தார். அப்போதைய விதிப்படி, தண்டனை பெற்று வெளியே அமர்ந்தவர் எத்தனை கோல் விழுந்தாலும் இரண்டு நிமிடமும் அங்கேயே இருக்க வேண்டும். அடுத்த ஆண்டே லீக் விதியை மாற்றியது: ஒரு கோல் விழுந்ததும் அவர் ஆடுகளத்துக்குத் திரும்பலாம். ஓர் அணியை அடக்க விளையாட்டின் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் அவர் தொலைநோக்கினர் என்று சொல்வதற்கில்லை. கோல் காவலர் ஜாக் பிளாண்ட் முகமூடி அணிவதை அவர் விரும்பவில்லை; பார்வை மறையும், துணிவு குறையும் என்று எண்ணினார். 1959 நவம்பர் 1ஆம் நாள் நியூயார்க்கில் பந்துக்கு இணையான ரப்பர் வட்டு பிளாண்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், முகமூடி இல்லாமல் ஆடமாட்டேன் என்றார். அக்காலத்தில் அணிகள் மாற்றுக் காவலரை உடன் அழைத்துச் செல்வதில்லை. பிளேக் இணங்கினார், வென்றார்கள். 1960 மார்ச்சில் பயிற்சியாளரின் விருப்பப்படி ஒருமுறை முகமூடியைக் கழற்றினார் பிளாண்ட். டெட்ராய்டிடம் 3-0 என்று தோற்றனர். பிறகு பிளேக் வற்புறுத்தவில்லை. தவறு எனத் தெரிந்ததும் விட்டுவிடுவதும் தலைமைக்குரிய பண்புதான்.

இனி அந்த 1961 மார்ச் மாத இரவு. சிகாகோவில் மூன்றாவது கூடுதல் நேரம் வரை நீண்ட அரையிறுதி ஆட்டமொன்றில் அணி தோற்றது. பிளேக் பனித்தரையில் இறங்கிச் சென்று நடுவர் டால்டன் மெக்ஆர்தரைக் குத்தினார். 2,000 டாலர் அபராதம். லீகின் தலைவர் அப்போதும் அதே கேம்பல்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன் எந்தக் குற்றத்தின் விளைவாகத் தாம் அழைத்து வரப்பட்டாரோ, அதே குற்றத்தை இப்போது அவரே செய்தார். அத்தொடரோடு ஐந்தாண்டு வெற்றிச் சங்கிலியும் அறுந்தது.

இந்நிகழ்வை அவரது வாழ்வின் கறையாகக் காட்டுவோர் உண்டு. நாம் அதை அவரைத் திறக்கும் சாவியாகவே காண்கிறோம். சினமற்ற ஒருவர் ரிஷாருக்குப் பொறுமையைப் போதித்திருந்தால், ரிஷார் செவிசாய்த்திருக்க மாட்டார். தனக்குள்ளும் அதே நெருப்பைச் சுமந்தவர் என்பதாலேயே பிளேக்கின் சொல் எடுபட்டது. அதை அணைக்க அவர் முயலவில்லை. அணைத்திருந்தால் கோல்களும் அணைந்திருக்கும்.

1965, 1966, 1968 ஆகிய ஆண்டுகளிலும் வென்று, எட்டுக் கோப்பைகளோடு பிளேக் ஓய்வு பெற்றார். மன அழுத்தம் தாங்கவில்லை என்பதே காரணம். அவரது கடைசி இறுதிப் போட்டியில் எதிரணியான செயின்ட் லூயிஸுக்குப் பயிற்சியாளராக நின்ற இளைஞர் ஸ்காட்டி பௌமன், 2002இல் ஒன்பதாம் கோப்பையை வென்று பிளேக்கின் சாதனையைக் கடந்தார்.

இறுதி ஆண்டுகளில் அல்சைமர் நோய் பிளேக்கின் நினைவுகளை ஒவ்வொன்றாகப் பறித்தது. 1995 மே மாதம் அவர் மறைந்தார். எத்தனை விளக்குகளை ஏற்றினார் என்பது அவருக்கே மறந்து போயிருந்தது. அந்தக் கணக்கை மான்ட்ரியால் நகரம் மறக்கவில்லை.