கூண்டும் கூரையும்: ஒரே சிங்கி இறாலுக்கு இரு வழிகள்

ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் மீனவர்களும் மெக்சிகோவின் அசென்சியோன் விரிகுடா மீனவர்களும் தேடுவது ஒரே இனத்தை: கரீபியன் சிங்கி இறால். முன்னவர்கள் மரச்சட்டக் கூண்டைக் கடலடியில் இறக்குகிறார்கள். பின்னவர்கள் காசிட்டா எனப்படும் தாழ்வான கூரையை அங்கே அமைக்கிறார்கள். முன்னது சிறைப்படுத்துகிறது, பின்னது அடைக்கலம் தருகிறது.

இரை எது என்று பார்த்தால் இந்த எதிர்நிலை தளர்கிறது. ஃப்ளோரிடாக் கூண்டில் பிறவற்றை ஈர்க்க விடப்படுபவை பெரும்பாலும் உரிய அளவை எட்டாத, உயிருள்ள சிங்கி இறால்கள். காசிட்டாவிலோ இரையே வைப்பதில்லை. முதலில் வந்து ஒண்டியவை பின்வருபவற்றை அழைக்கின்றன. சிறுநீரில் கலந்துவரும் மணத்தைக் கொண்டு தன் இனம் இருக்குமிடத்தை நாடும் உயிரி இது. ஆக, இரு கரைகளிலும் இரையாகப் பயன்படுவது துணை தேடும் அதன் இயல்பே.

அளவு விதியிலும் இப்படியோர் உறவு உண்டு. ஃப்ளோரிடாவில் தலையோட்டை அளக்கிறார்கள்: 76 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மெக்சிகோவில் வாலை அளக்கிறார்கள்: குறைந்தது 135 மில்லிமீட்டர். அளக்கும் உறுப்பு வேறு; பிடிக்கத் தகுந்தது என ஒப்புக்கொள்ளப்படும் உடல் ஏறத்தாழ ஒன்றே.

வேறுபாடு குஞ்சுகளின் கதியில் வெளிப்படுகிறது. கூண்டில் ஈர்ப்பாக விடப்பட்டவற்றுள் சில பட்டினியால் மடிகின்றன; புயலில் தொலைந்த கூண்டும் சில காலம் உயிர்களைப் பிடித்துக்கொண்டே இருக்கும். காசிட்டாவின் தாழ்ந்த வாயிலில் பெரிய வேட்டை மீன்கள் நுழைய இயலாது. மூச்சடக்கி மூழ்கும் மீனவர் கைவலையால் பெரியவற்றை எடுத்துக்கொண்டு, சிறியவற்றையும் முட்டை சுமப்பவற்றையும் விட்டுவிடலாம். எனினும் காசிட்டாவுக்கு ஆழம் குறைந்த, தெளிந்த நீர் வேண்டும். மூழ்க முடியாத ஆழத்திலும் கூண்டு வேலை செய்யும்.

உரிமை முறையில் இவை நேரெதிர்ப் பிம்பங்கள். ஃப்ளோரிடாவில் கடல் பொது, கூண்டுக்கு உரிமம். 1990களில் கூண்டுகளின் எண்ணிக்கை பெருமளவு குறைக்கப்பட்டும் அப்பத்தாண்டில் பிடிப்பு சரியவில்லை. அசென்சியோனில் விகியா சீக்கோ கூட்டுறவுச் சங்கத்தார் கடலடியையே தமக்குள் பங்கிட்டுக்கொண்டுள்ளனர். இன்று விட்ட குஞ்சு நாளை தன் எல்லைக்குள்ளேயே வளரக்கூடும் என்ற நம்பிக்கை அங்கே மீனவரின் கையைக் கட்டுப்படுத்துகிறது. யாரும் வந்து அள்ளக்கூடிய கடலில் அதே கூரை, எளிதாகச் சூறையாடப்படும் கிடங்காகிவிடும். ஃப்ளோரிடாவில் காசிட்டாவுக்கு அனுமதி இல்லை.

ஆகவே கூண்டைக் கொடியதென்றும் கூரையைக் கருணையுடையதென்றும் தீர்ப்பிடுவது போதாது. காசிட்டாவை வேறொரு கடலுக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர், அதைக் காக்கும் எல்லை உடன்பாட்டையும் சேர்த்தே கொண்டுசெல்ல வேண்டும்.