டெல்லிக்குத் தனியாகப் போகும் பெண்கள்: புள்ளிவிவரம் சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

டெல்லியில் ஒரு இன்டர்வியூ. அல்லது கிளையன்ட் மீட்டிங், யுபிஎஸ்சி நேர்முகத் தேர்வு. இல்லையென்றால் சும்மா நாலு நாள் சுற்றிப் பார்க்கும் ஆசை. டிக்கெட் போட்டாச்சு என்று வீட்டில் சொன்னதும் முதலில் வருவது "தனியாவா?" என்ற கேள்வி. அடுத்து வருவது கேள்வியே இல்லை: "டெல்லியா? வேணாம்மா."

இந்த "வேணாம்மா"வுக்கு ஒரு விலை உண்டு. டெல்லி பல்கலைக்கழக மாணவிகளை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர் கிரிஜா போர்கர் அதை அளந்து பார்த்தார். தங்கள் மதிப்பெண்ணுக்கு நல்ல கல்லூரியே கிடைக்கும் என்றாலும், போய்வரும் பாதை பாதுகாப்பானது என்பதற்காகத் தரவரிசையில் கீழே உள்ள கல்லூரியை மாணவிகள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவர் கண்டது. மாணவர்கள் இந்த அளவுக்கு அப்படிச் செய்வதில்லை. வேலை, ப்ரமோஷன், ட்ரான்ஸ்ஃபர் விஷயத்திலும் இதே கணக்கைப் போடும் பெண்கள் உங்கள் ஆபீஸிலேயே இருப்பார்கள்.

பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல வரவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

144.4 என்ற எண்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, டெல்லியில் ஒரு லட்சம் பெண்களுக்கு 144.4 குற்றங்கள் பதிவாகின. தேசிய சராசரி 66.4. தமிழ்நாட்டில் 24. செய்திகளில் நீங்கள் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஆறு மடங்கு ஆபத்து என்று மனசு உடனே கணக்குப் போட்டுவிடும்.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். "பெண்களுக்கு எதிரான குற்றங்கள்" என்ற தலைப்பின் கீழ் பல விஷயங்கள் வருகின்றன. 2022-ல் நாடு முழுக்கப் பதிவான 4,45,256 வழக்குகளில் 31.4 சதவீதம் கணவர் அல்லது அவரது உறவினர்கள் செய்த கொடுமை. அதாவது மிகப் பெரிய பங்கு வீட்டுக்குள் நடப்பது. நாலு நாள் பயணத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கடத்தல் வழக்குகள் இன்னொரு 19 சதவீதம். மகள் காதலனோடு போய்விட்டால் பெற்றோர் கொடுக்கும் புகார்களும் அதில் கலந்திருக்கின்றன.

அடுத்தது, இது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல, பதிவான குற்றங்களின் எண்ணிக்கை. இரண்டும் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு, திருமணமான பெண்களிடம் கணவரின் வன்முறை பற்றி நேரடியாகவே கேட்டது. அனுபவித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 38 சதவீதம், டெல்லியில் சுமார் 23 சதவீதம். போலீஸ் பதிவேட்டில் தமிழ்நாடு அமைதிப் பூங்கா, வீடு வீடாகக் கேட்டால் கதை தலைகீழ். இரண்டும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன என்பது சரிதான். ஆனாலும் "ஊர்ல இருந்தா சேஃப்" என்று சொல்லும் மாமாவுக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.

இதனால் டெல்லி பாதுகாப்பான ஊர் என்று ஆகிவிடாது. 2022-ல் அந்த ஒரு நகரத்தில் மட்டும் சுமார் 1,200 பாலியல் வன்கொடுமை வழக்குகள் பதிவாகின. ஆனால் நாடு முழுக்க இத்தகைய வழக்குகளில் 100-க்கு சுமார் 96-ல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். தெருவில் நடக்கும் சீண்டல், உரசல், பின்தொடர்தல் பெரும்பாலும் புகாராகவே மாறுவதில்லை. எனவே ஒரு பயணிக்கு அன்றாடம் நேரக்கூடிய ஆபத்து இந்த அட்டவணைகளில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதைத் தெருவில்தான் தேட வேண்டும்.

2012-ஐ சரியாக நினைவில் வைப்போம்

டெல்லி என்றாலே 2012 டிசம்பர் 16 நினைவுக்கு வரும். "ராத்திரியில் வெளியே போனா இப்படித்தான்" என்று அதைச் சுருக்கிவிட்டோம். நடந்ததைத் திரும்பப் பாருங்கள். அந்தப் பெண் தனியாக இல்லை, நண்பர் கூட இருந்தார். நள்ளிரவும் இல்லை, மணி ஒன்பதரை வாக்கில்தான். சாகேத்தில் சினிமா பார்த்துவிட்டு, முனிர்கா வரை ஆட்டோவில் வந்து, அங்கிருந்து துவாரகா போக வண்டிக்காகக் காத்திருந்தார்கள். வந்தது ஒரு தனியார் பேருந்து. பயணிகளை ஏற்றும் அனுமதியோடு ஓடிய வண்டியே அல்ல அது.

நம்பகமான ஒரு வாகனத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் அந்தக் கும்பல் நுழைந்தது. குற்றம் அவர்களுடையது. ஆனால் திட்டமிடும்போது நீங்கள் பார்க்க வேண்டியது கடிகாரத்தை மட்டும் அல்ல, இந்த இடைவெளியை.

கடைசி ஒரு கிலோமீட்டர்

டெல்லி மெட்ரோ பெரிய பலம். 2010 அக்டோபர் முதல், ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். ஆண்கள் ஏறினால் 250 ரூபாய் அபராதம். கேமரா, சோதனை, சிஐஎஸ்எஃப் காவல் எல்லாம் உண்டு. சிக்கல், ஸ்டேஷன் படி ஏறி வெளியே வந்த பிறகு ஆரம்பிக்கிறது.

ஹோட்டல் புக் செய்யும்போது "மெட்ரோவிலிருந்து 900 மீட்டர்" என்று இருக்கும். அந்த 900 மீட்டர் கடைத்தெருவா, ஃப்ளைஓவர் அடியா, ஒரு பக்கம் முழுக்க மதில் சுவரா? இதைத்தான் பார்க்க வேண்டும். 2013-ல் டெல்லியில் தொடங்கிய சேஃப்டிபின் செயலி தெருக்களை இப்படித்தான் மதிப்பிடுகிறது: வெளிச்சம், திறந்தவெளி, நடைபாதை, பொதுப் போக்குவரத்து, பார்வையில் படும் தூரத்தில் ஆட்கள் என ஒன்பது அளவுகோல்கள். எனக்குப் பிடித்த அளவுகோல், அந்தத் தெருவில் பெண்கள் எத்தனை பேர் என்பது. கூட்டம் இருந்தால் போதாது. நூறு ஆண்கள் மட்டும் நிற்கும் தெரு வேறு, பெண்கள் காய்கறி வாங்கும் தெரு வேறு. எந்தச் செயலியும் இல்லாமல் நீங்களே பத்து வினாடியில் எண்ணிவிடலாம்.

ஸ்டேஷனில் எந்த கேட் என்பதையும் ஹோட்டலில் முன்பே கேட்டு வையுங்கள். ராஜீவ் சௌக் மாதிரி இடத்தில் தவறான கேட்டில் வெளியே வந்தால் கனாட் பிளேஸ் வட்டத்தின் எதிர்ப்பக்கம் போய் நிற்பீர்கள், ஃபோனைப் பார்த்துக்கொண்டே. புது டெல்லி ரயில் நிலையத்துக்கும் இரண்டு முகங்கள். மெட்ரோவும் விமான நிலைய எக்ஸ்பிரஸ் லைனும் அஜ்மேரி கேட் பக்கம். பஹார்கஞ்ச் பக்கம் வெளியே வந்தால் "உங்க ஹோட்டல் மூடிட்டாங்க, நான் வேற இடம் காட்டறேன்" என்று ஒருவர் வரலாம். பழைய ஏமாற்று வேலை. பதில் சொல்லாமல் நடங்கள், ஹோட்டலுக்கு நீங்களே ஃபோன் போடுங்கள்.

மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும். ஆகவே ஃப்ளைட் 11.40-க்கு இறங்குகிறது என்றால் அந்த டிக்கெட்டின் உண்மையான விலை வேறு. மாலையில் இறங்கும் ஃப்ளைட் ஆயிரம் ரூபாய் அதிகம் என்றாலும் அதையே எடுங்கள் என்பேன். பெண் என்பதற்காகக் கட்டும் வரி மாதிரிதான் இது, கோபம் வரத்தான் செய்யும். ஆபீஸ் பயணம் என்றால் அந்தத் தொகையை ஆபீஸ் தரட்டும். பகல் நேர டிக்கெட், மெட்ரோ பக்கத்தில் ஹோட்டல் என்று எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள்.

ஆட்டோ கட்டணம் தெரிந்திருந்தால் பேரம் சுருக்கமாக முடியும். 2023 ஜனவரியில் நிர்ணயித்தபடி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 11. இரவு 11 முதல் காலை 5 வரை 25 சதவீதம் கூடுதல். "மீட்டர் சே சலோகே?" என்று கேட்டால் போதும். ஓட்டுநர் பக்கத்தில் நண்பர் என்று இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் அந்த ஆட்டோ வேண்டாம்.

ஆப் கார்களுக்கு வருவோம். 2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் கார் ஓட்டுநர் ஒருவர் பயணியைப் பாலியல் வன்கொடுமை செய்தார். அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை பெற்றார். அவர் மீது ஏற்கெனவே புகார்கள் இருந்ததும் பிறகுதான் வெளியே வந்தது. இன்று ஓடிபி, பயணத்தைப் பகிரும் வசதி எல்லாம் இருக்கின்றன. 2019 முதல் பதிவாகும் வாடகைக் கார்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் கட்டாயம். பட்டன் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நம்பர் பிளேட் பொருந்தவில்லை என்றால், "வேற வண்டி மேடம், அதே ட்ரிப்தான்" என்று என்ன சமாதானம் சொன்னாலும் ஏறாதீர்கள். ஓடிபி சொல்வதற்கு முன்பே பிளேட்டைப் பாருங்கள்.

ஹோட்டல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிசப்ஷனில் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். அடையாளத்துக்கு கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது.

"நான் ட்ராப் பண்றேன்"

100-க்கு 96 என்ற எண்ணுக்குத் திரும்புவோம். தெரிந்தவர் என்றால் குடும்பத்தார் மட்டுமா? வேலை நிமித்தம் போகும் பெண்ணுக்கு ஊரில் "தெரிந்தவர்" என்பது கிளையன்ட், கூட வந்த சீனியர், ஆன்லைனில் மட்டும் பேசிய நண்பர். முன்பின் தெரியாத ஆட்டோக்காரரை ஆயிரம் முறை சந்தேகப்படும் நாம், டின்னர் முடிந்து "நான் ட்ராப் பண்றேன்" என்று சொல்பவரிடம் மறுப்பு சொல்லத் தயங்குகிறோம். "கேப் புக் பண்ணியாச்சு" என்பது முழுமையான பதில். புக் பண்ணவில்லை என்றாலும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டத்தில், வேலை தொடர்பாக நீங்கள் போகும் எந்த இடமும் பணியிடம்தான். நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் அப்படியே. எனவே டெல்லி ஹோட்டல் லாபியில் நடந்ததற்கு உங்கள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். காலக்கெடு மூன்று மாதம்.

ஏதாவது நடந்துவிட்டால்

எண் 112. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றே. மெட்ரோவுக்குள் என்றால் 155370, ரயிலில் 139, பெண்கள் உதவிக்கு 181. ஃபோனின் பவர் பட்டனை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும். மூன்று முறையா, ஐந்து முறையா என்பது ஃபோனுக்கு ஃபோன் மாறும். கிளம்பும் முன் செட்டிங்ஸில் பார்த்து வையுங்கள்.

எதிர்முனையில் பெரும்பாலும் இந்தியில்தான் பேசுவார்கள். ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்கலாம், ஆனால் பதற்றத்தில் நீளமாகப் பேச வராது. மூன்றே வாக்கியம் பழகிக்கொள்ளுங்கள். "முஜே மதத் சாஹியே", எனக்கு உதவி வேண்டும். "கோயி மேரா பீச்சா கர் ரஹா ஹை", யாரோ என்னைப் பின்தொடர்கிறார். "காடி ரோகோ", வண்டியை நிறுத்து. அடுத்து "கஹாம் ஹோ?" என்று கேட்பார்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று. இடத்தின் பெயர் தெரியாவிட்டால் மேலே பாருங்கள். உயரப் பாதையில் ஓடும் மெட்ரோவின் தூண்களில் எண் எழுதியிருக்கும், டெல்லிக்காரர்கள் முகவரியே அதை வைத்துத்தான் சொல்வார்கள். தூண் இல்லாத இடத்தில் ஒரு கடையின் பெயர்ப் பலகையைப் படித்துச் சொல்லுங்கள்.

புகார் விஷயத்தில் பெரும்பாலானோர் விட்டுவிடுவதற்குக் காரணம், "மறுநாள் ஃப்ளைட் இருக்கே" என்பதுதான். அதற்கு வழி உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பெறப்பட வேண்டும் என்கிறது. இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். டெல்லியில் நடந்ததை நீங்கள் சென்னையிலோ கோவையிலோ உங்கள் ஏரியா ஸ்டேஷனில், தமிழிலேயே சொல்லலாம். அவர்கள் பதிந்து டெல்லிக்கு அனுப்ப வேண்டும். மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும்.

"அது எங்க லிமிட் இல்லம்மா" என்று சொன்னால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். பாலியல் வன்கொடுமை போன்ற கடுமையான குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அப்படியும் மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அடுத்த படி மாஜிஸ்திரேட்.

விசாரணைக்காக ஒருமுறையாவது டெல்லி போக நேரலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆதாரங்களைச் சேர்த்து வைத்தால் அந்த அலைச்சல் வீணாகாது: கேப் ரசீது, ஸ்க்ரீன்ஷாட், ஹோட்டல் பில், நடந்த உடனே தோழிக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். எதையும் டெலிட் செய்யாதீர்கள். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம், கையில் வாங்காமல் ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப வேண்டாம். வழக்கு டெல்லிக்கு மாறியதும் அங்கே புது எண் கொடுப்பார்கள், அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.